பேதியில் போகாத எண்ணெய்

உங்கள் அம்மாவின் இடது மணிக்கட்டு ஏன் முழுசாக மடங்குவதில்லை என்று நீங்கள் கேட்டபோதெல்லாம், அடிபம்பில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று சொல்லி வந்திருக்கிறோம். அது பொய். அந்தக் கையை உடைத்தவன் நான்.

நான் பத்தாவது வரைக்கும் படித்தவன். கோர்வையாக எழுத வராது. இருந்தாலும் எழுத வேண்டியதாகிவிட்டது. போன வாரம் துவைக்கப் போட்ட பெரியவனின் பேன்ட்டில் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி இருந்தது. கபடி டீமில் யாரோ கொடுத்ததாக அம்மாவிடம் சொன்னானாம். அம்மா அதைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். பெரியவனைக் கூப்பிட்டுக் கத்தலாம் என்றுதான் முதலில் எழுந்தேன். பிறகு உட்கார்ந்துவிட்டேன். இதைப் பற்றிக் கத்துகிற தகுதி எனக்கு இல்லை. நடந்ததைச் சொல்கிற தகுதி மட்டும் இருக்கிறது. மூன்று பேரும் படியுங்கள்.

கல்யாணமான புதிதில் நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னப் பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். இப்போது இருக்கிற இதே அயனம்பாக்கத்தில், ஏரிப் பக்கம் ஒரே ஒரு ரூம் வாடகைக்கு. வேலை முடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு பாடிக்குப் போவேன். அங்கே லாரிக்குக் கூண்டு கட்டும் ஷெட்டின் பின்னால் ஓர் ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை. அதுதான் எங்கள் ஜிம். கம்பி ஒன்றுதான் ஒழுங்கான கம்பி. பாதி பிளேட்டுகள் ஃபவுண்டரியில் சொல்லி வார்த்தவை, இரண்டு பக்கமும் ஒரே எடை இருக்காது. அங்கே பளு தூக்கச் சொல்லிக்கொடுத்தவரை மாஸ்டர் என்போம். என்னோடு சேர்ந்து தூக்கியவன் ஒருவன் இருந்தான். அவனை மச்சான் என்றுதான் கூப்பிடுவேன். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

நான் சும்மா உடம்பை ஏற்றப் போகவில்லை. ஓர் அரசாங்கத் தொழிற்சாலையில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஆள் எடுத்தார்கள். நேஷனலில் ஒரு மெடல் வாங்கினால் நிரந்தர வேலை, குவார்ட்டர்ஸ், ஆஸ்பத்திரி எல்லாம். மாநில அளவில் இரண்டு முறை ஜெயித்திருந்தேன். ஆனால் நான் சொல்லப்போகிற அந்த வருடம்தான் எனக்குக் கடைசி வருடம். அடுத்த பிறந்த நாள் வந்தால் வயது வரம்பு தாண்டிவிடும். மெடல் வாங்கினால் வேலை, வாங்காவிட்டால் சாகும்வரை அந்த லேத். என் மண்டையில் வேறு எதுவும் ஓடவில்லை.

கல்யாணமான மறு வருடமே ஒருநாள் மாஸ்டர் ஒரு துணிப் பையிலிருந்து மஞ்சளாக ஏதோ இருந்த குப்பிகளை எடுத்தார். "எண்ணெ" என்றார். அதற்கு மருந்துப் பெயர் ஏதோ உண்டு. நாங்கள் யாரும் அதைச் சொன்னதில்லை. "எண்ணெ போட்டியா?" என்றுதான் ஜிம்மில் கேட்பார்கள், தலைக்கு எண்ணெய் வைத்தாயா என்று கேட்பது மாதிரி. கண்ணாடி சிரிஞ்சு ஒன்றை டீ போடும் கிண்ணத்தில் கொதிக்க வைப்பார். வாரத்துக்கு ஒன்று, இடுப்புக்குக் கீழே. எல்லோருக்கும் அதே ஊசி. இதைச் செய்யக்கூடாது என்று எங்களுக்குத் தெரியுமா என்றால், தெரியும். தெரிந்ததால்தான் கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டு போட்டோம்.

இரண்டு மாதத்தில் கம்பியில் பதினைந்து கிலோ ஏறியது. முதுகெல்லாம் கட்டி கட்டியாகப் பரு. தூக்கம் குறைந்தது. பசி மட்டும் அடங்கவே இல்லை. கோபம் எப்படி வந்தது என்று சொல்லத் தெரியவில்லை. அது கோபம் மாதிரியே இல்லை, உடம்பில் எங்கேயோ தினவு எடுப்பது மாதிரி இருந்தது. யாரையாவது அடித்தால் தீரும்.

என் வலது கை விரல் முட்டியில் ஒரு தழும்பு இருக்கிறதே, பூரான் கடித்தது என்று சின்னவளிடம் சொன்னேனே, அதுவும் பொய். அது ஒரு பல். பாடி ஜங்ஷனில் ஒரு காலைவேளை, நானும் மச்சானும் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தோம். பின்னால் ஒரு லாரி விடாமல் ஹார்ன் அடித்தது. கிளீனர் கதவில் தொங்கிக்கொண்டு கத்தினான்.

"யோவ் பயில்வான், ரோடு இன்னா உங்க நைனாவுதா? ஓரமா போய்யா."

அவ்வளவுதான் அவன் சொன்னது. பாடியில் தினமும் நூறு பேர் நூறு பேரிடம் சொல்கிற பேச்சு. நான் சைக்கிளைக் கீழே போட்டேன். சிக்னலில் லாரி நின்றதும் படியில் ஏறி அவன் காலரைப் பிடித்து இழுத்தேன். தார் ரோட்டில் முகம் குப்புற விழுந்தான். திருப்பிப் போட்டுக் குத்தினேன். ஒல்லிப் பையன், என் தொடை அளவுதான் அவன் இடுப்பு. முதல் மூன்று குத்துக்குக் கையைத் தூக்கித் தடுத்தான். பிறகு தூக்கவில்லை. கை தூக்காதவனைத்தான் நான் அதிக நேரம் அடித்தேன்.

"வுட்றா டேய், செத்துகித்துப் பூடப் போறான்" என்று மச்சான் பின்னாலிருந்து கட்டிப் பிடித்தான். திரும்பி அவன் மூக்கிலும் ஒன்று விட்டேன். லாரி டிரைவர் இறங்கி வந்து, என்னைப் பார்க்காமலேயே அந்தப் பையனைத் தூக்கி வண்டியில் போட்டுக்கொண்டு கிளம்பினார். ரோட்டில் ரத்தமும் ஒரு ரப்பர் செருப்பும் கிடந்தன. என் முட்டியில் அரைப் பல் குத்திக்கொண்டிருந்தது. அதை மச்சான்தான் பிடுங்கினான், தன் மூக்கைச் சட்டையால் பொத்திக்கொண்டே. அன்று நான் ஜிம்முக்குப் போனேன். தூக்கினேன். எட்டு முட்டை சாப்பிட்டேன். நன்றாகப் பசித்தது. அந்தப் பையன் என்ன ஆனான் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்தக் கடைசி வருடத்தில் மச்சானுக்கு ஊசி போட்ட இடம் வீங்கியது. முதலில் எலுமிச்சை அளவு, பிறகு விளாம்பழம் அளவு. உட்கார முடியவில்லை, காய்ச்சல் அடித்தது. ஆஸ்பத்திரிக்குப் போனால் என்ன ஊசி என்று கேட்பார்கள் என்று மாஸ்டர் பயந்தார். பிளேடை ஸ்டவ்வில் காட்டி, கொட்டகையிலேயே கீறினார். நானும் இன்னொருவனும் மச்சான் கால்களைப் பிடித்துக்கொண்டோம். வாயில் இடுப்பு பெல்ட்டைக் கடிக்கக் கொடுத்தோம். தோல் பெல்ட்டில் அவன் பல் பதிந்தது. சீழும் ரத்தமும் பீறிட்டு என் மார்பில் அடித்தன. அதன்மேல் மஞ்சளாக ஏதோ மிதந்தது. எண்ணெய். மூன்று மாதத்துக்கு முன்னால் அந்த இடத்தில் போட்டது, அப்படியே உட்கார்ந்திருந்தது.

பிள்ளைகளே, நான் அதைக் கண்ணால் பார்த்தேன். பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. "பார்த்தியா, கெட்டது பூரா வெளிய வந்துச்சி" என்றார் மாஸ்டர். நானும் தலையாட்டினேன்.

அதே மாதம் பளுதூக்கும் சங்கத்திலிருந்து தகவல் வந்தது. நேஷனலில் மெடல் வாங்குகிறவர்களுக்கு இந்தத் தடவை சிறுநீர் பரிசோதனை. மருந்து இருந்தால் மெடல் போகும், தடையும் விழும். மாஸ்டர் யோசித்தார். போட்டிக்கு ஐந்து வாரம் இருந்தது. மச்சானால் நடக்கவே முடியவில்லை, அவன் போட்டியிலிருந்து விலகிவிட்டான். போகப்போவது நான் ஒருவன்தான்.

"இன்னியோட ஊசி கட்" என்றார் மாஸ்டர். "ஞாயித்துக்கெயம பேதிக்குக் குடி."

"பேதிக்கா?"

"பின்ன. உள்ள போனது இன்னா? எண்ணெ. வெளக்கெண்ண உட்டா அதையும் சேத்து இயுத்துகினு வந்துடும். கொடல் கண்ணாடி மாறி ஆயிடும். அப்பறம் எவன் வந்து எதுல புடிச்சிப் பார்த்தா இன்னா?"

சிரிக்காதீர்கள். எங்கள் வீடுகளில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லோருக்கும் பேதிக்குக் கொடுப்பார்கள். உடம்பில் என்ன அழுக்கு இருந்தாலும் அதில் போய்விடும் என்று நம்பித்தான் வளர்ந்தோம். எனக்கு அது மிகச் சரியாகப் பட்டது. ஞாயிறு காலையில் கடுங்காபியில் விளக்கெண்ணெயைக் கலந்து மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தேன். ஏரிக்கரைக்கும் வீட்டுக்குமாகப் பதினோரு தடவை ஓடினேன். மத்தியானம் உங்கள் அம்மா ரசம் சோறு கரைத்துக் கொடுத்தாள். அதைக் குடித்தபோது, உடம்பு சுத்தமாகிவிட்டது என்று மனசார நம்பினேன்.

அம்மா நம்பவில்லை. காரணம் வேறு இடத்திலிருந்து வந்தது. கல்யாணமாகி நான்கு வருடம் ஆகியும் உங்களில் யாரும் பிறக்கவில்லை. என் சொந்தக்காரர்கள் அவளை அவள் காதுபடவே மலடி என்றார்கள். அவளும் டாக்டரிடம் போய்ப் பார்த்தாள். குறை அவளிடம் இல்லை, புருஷனைக் கூட்டிவா என்றார்களாம். நான் போகவில்லை. அவள் சொல்ல வந்த அன்று சோற்றுத் தட்டைச் சுவரில் எறிந்தேன். அதனால் என் பையிலிருந்து ஒரு குப்பியை எடுத்துப்போய் அந்த கிளினிக் கம்பவுண்டரிடம் காட்டியிருக்கிறாள்.

ரயில் ஏற மூன்று நாள் இருந்தது. மத்தியானம். நான் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தேன். அவள் கதவருகே நின்றாள்.

"இந்தாய்யா, ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காத."

"இன்னா?"

"இந்த வருசம் போவாத."

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவள் இடது கை மூடியிருந்தது.

"கம்பவுண்டரு கைல காமிச்சேன். இது தண்ணி மருந்து இல்லியாம். எண்ணெ மருந்தாம். சதையில உக்காந்துகினு கொஞ்சம் கொஞ்சமா ரத்தத்துல எறங்குமாம். மாசக் கணக்குல கீதாம். கொடல்லயே இல்லாதத பேதி எப்டிம்மா எடுக்கும்னு சிரிக்கிறாரு அந்தாளு. கொயந்த நிக்காததுக்கும் இதான் காரணமா இருக்கும்ன்றாரு."

"எவன் கைலயோ போயி என் ஊட்டு விசயத்த சொன்னியா?"

"ஒனக்காகத் தான கேட்டேன். மாட்டிக்கினா மெடலும் பூடும், மானமும் பூடும். ஒடம்பு சரியில்லனு லெட்டர் குட்த்துடு. லேத்து கீது, கஞ்சி குடிக்கலாம்."

"அட்த்த வருசம் வயசு தாண்டிடும்டி."

"தாண்டட்டும்."

அந்த ஒரு வார்த்தை. அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்கு அது கிளீனர் அடித்த ஹார்ன் மாதிரிக் கேட்டது. "குடு அத" என்றேன். "குடுக்க மாட்டேன், மாஸ்டரு மூஞ்சிக்கு நேரா நானே காமிக்கிறேன்" என்று கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். நான் அந்தக் கையைப் பிடித்தேன். நூறு கிலோவுக்கு மேல் தூக்குகிற கை என்னுடையது. அடிபம்பு அடிக்கிற, சோளிங்கர் கோயிலில் வாங்கிய வளையல் போட்ட கை அவளுடையது. முறுக்கினேன். இரண்டு சத்தம் கேட்டது. முதலில் குப்பி உடைந்த சத்தம், பிறகு எலும்பு.

அவள் கத்தவில்லை. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. விரல் இடுக்கில் எண்ணெயும் ரத்தமும் சேர்ந்து சொட்டின. கையை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரோரம் அப்படியே உட்கார்ந்தாள்.

நான் அப்போது என்ன செய்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். என் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தேன். பிசகியிருக்கிறதா என்று. போட்டிக்கு நாள் குறைவாக இருந்தது.

பக்கத்து வீட்டம்மாதான் அவளைக் கட்டுப் போடுகிறவரிடம் கூட்டிப்போனார். அடிபம்பில் விழுந்த கதையை அங்கே முதலில் சொன்னது உங்கள் அம்மா. நான் அதைத் திருத்தவில்லை. மூங்கில் பத்தையும் முட்டை வெள்ளையும் வைத்து இறுக்கிக் கட்டினார்கள். கோணலாகக் கூடிவிட்டது. நான் ரயில் ஏறிவிட்டேன்.

போட்டி வேறு மாநிலத்தில். கடைசித் தூக்கில், கம்பியைக் கழுத்தெலும்புக்குக் கொண்டுவந்து மணிக்கட்டைத் திருப்பும்போது அந்தச் சத்தம் மறுபடி கேட்டது. வெளியே இல்லை, என் காதுக்குள். இருந்தாலும் தலைக்கு மேல் தூக்கி நிறுத்தினேன். நடுவர்களின் மூன்று வெள்ளை விளக்கும் எரிந்தன, தூக்கு செல்லும் என்று. வெண்கலம்.

மெடலைக் கழுத்தில் போட்ட கையோடு ஓர் ஆள் தாளோடு வந்தார். கக்கூஸ் வரைக்கும் கூடவே வந்து, நான் சிறுநீர் கழிப்பதைக் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றார். அதை இரண்டு புட்டிகளில் பிரித்து மூடி முத்திரை வைத்தார். சமீபத்தில் ஏதாவது மருந்து சாப்பிட்டிருந்தால் எழுது என்று ஒரு தாள் கொடுத்தார். நான் எதையும் மறைக்கவில்லை என்று காட்ட நினைத்து, எங்கள் டீமோடு வந்த மேனேஜரிடம் "வெளக்கெண்ண, ஒரு தபான்னு எய்துங்க சார்" என்றேன். அவர் எழுதினார். மேஜைக்குப் பின்னால் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். என்னைப் பாராட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. மருந்து இருந்தது, மெடலைத் திருப்பி அனுப்பு, இரண்டு வருடம் தடை. தொழிற்சாலையின் பட்டியலிலிருந்து என் பெயர் போனது. பட்டறையில் பக்கத்து லேத்காரன் எண்ணெய் கேனைத் தூக்கிக் காட்டி, "அண்ணாத்தே, மிஷினுக்கு ஊத்தவா, ஒனக்கு ஊத்தவா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நான் வேலையை நிறுத்திவிட்டு நேராகப் பாடிக்குப் போனேன்.

மாஸ்டர் தனியாக உட்கார்ந்திருந்தார். கடிதத்தைக் காட்டினேன். நிதானமாகப் படித்தார்.

"எத்தினி தபா குடிச்ச?"

"ஒரு தபா."

"அதான்" என்று உச்சுக் கொட்டினார். "ரெண்டு தபா குடிச்சிருக்கணும்டா. இது கெட்டி எண்ணெ. நான் சொல்ல மறந்துட்டேன்."

கிண்டல் இல்லை. முகத்தில் நிஜமான வருத்தம். அந்த வருத்தத்தைப் பார்த்ததும் எனக்குக் கண் இருட்டியது. பக்கத்தில் கிடந்த பத்துக் கிலோ பிளேட்டை எடுத்து அவர் தலையைக் குறிவைத்து வீசி இறக்கினேன். அவர் நகர்ந்ததால் தோளில் விழுந்தது. கழுத்தெலும்பு ஒடிந்தது தெரிந்தது. சட்டைக்குள் கூராக மேடு எழும்பியது. இரண்டாவது தடவை பிளேட்டைத் தூக்கினேன். அவர் ஓடவில்லை. கையை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரோரம் சரிந்து உட்கார்ந்தார். வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை.

அந்த உட்காரலை நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன். அதே மாதிரி, அதே கை. பிளேட் என் கையிலிருந்து தானாக நழுவி என் கால் விரலில் விழுந்தது. நசுங்கிய நகத்தோடு அவரை ரிக்‌ஷாவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். "பிளேட்டு தவறி வியுந்துச்சி" என்று டாக்டரிடம் அவரே சொன்னார். என்னைச் சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் எனக்காகப் பொய் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்தபோது உங்கள் அம்மா பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். ஈரப் போர்வையின் ஒரு முனையை அடிபம்பின் கைப்பிடியில் கட்டிவிட்டு, மறுமுனையை வலது கையால் மட்டும் முறுக்கிப் பிழிந்துகொண்டிருந்தாள். இடது கை பக்கத்தில் சும்மா தொங்கியது. இரண்டு மாதமாக அப்படித்தான் பிழிந்திருக்கிறாள். நான் அன்றுதான் பார்த்தேன். முடிச்சை அவிழ்த்து அந்த முனையை நான் பிடித்துக்கொண்டேன். அவள் பின்னால் ஓரடி நகர்ந்தாள். என் கையைத்தான் பார்த்தாள், முகத்தை இல்லை.

"கம்பவுண்டரு கிட்ட போலாமா?" என்றேன்.

"ரெண்டு பேருமா?"

"ரெண்டு பேருமா."

"மொதல்ல இத புயி" என்றாள்.

அவள் கையை உடைத்து மறுபடி சேர்க்கலாம் என்றார் டாக்டர். அவள் ஒரு தடவை போதும் என்றுவிட்டாள். என் உடம்பு சரியாவதற்கு ஒன்றரை வருடம் பிடித்தது. அதற்கு அப்புறம்தான் பெரியவன். மச்சானுக்கு ஒரு கால் இழுக்கிற மாதிரியே நின்றுவிட்டது. கரையான்சாவடியிலிருந்து வந்து உங்களை ஸ்கூலுக்குக் கூட்டிப்போன ஆட்டோ மாமா அவன்தான். வீட்டில் துணி பிழிவது எப்போதும் அப்பா வேலை என்று நீங்கள் அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பீர்கள். காரணம் இதுதான்.

பெரியவனே, உனக்கு அடுத்த மாதம் போட்டி, ஜெயித்தால் உனக்கும் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை. பரிசோதனை உண்டு என்று நீயே சொன்னாய். எத்தனை போட்டாய், எப்போது போட்டாய் என்று அம்மாவிடம் மறைக்காமல் சொல். ஒன்றாவது போட்டிருந்தால் இந்த வருடம் போகாதே. வேலை போனாலும் போகட்டும். தண்ணீர் நிறையக் குடித்தால் போய்விடும், இளநீரில் போய்விடும் என்று டீமில் உனக்கும் ஒரு மாஸ்டர் சொல்லியிருப்பார். நல்ல மனசோடுதான் சொல்லியிருப்பார். குப்பி அலமாரியில் இருக்கிறது. நான் தொடவில்லை. நீயே எடுத்துக்கொண்டு வா, டாக்டரிடம் போகலாம்.

எழுதி முடித்து இதை உங்கள் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டாள். ஒரே ஓர் இடத்தைத் திருத்தச் சொன்னாள்.

"கண்ணாடி மொதல்ல ஒடையல. எலும்பு தான் மொதல்ல. அதுக்கப்பறமும் நான் கைய தொறக்கல."